முள் நிற்காத பாட்டு

கள்ளக்குறிச்சியில் கரியாலூர் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, மகன் வாங்கித்தந்த இயர்போனைக் காதில் செருகினேன். இருபத்தைந்து வருடமாகக் கேட்காத ஒரு ராக் ஆல்பம் போனில் அகப்பட்டிருந்தது. நான்கு பெரிய குழுக்களிலிருந்து குழுவுக்கொருவராக வந்து சேர்ந்த நால்வர் போட்டது. அரை மணியைத் தாண்டும் நெடும்பாட்டு ஒன்று, கூடவே நாலைந்து குட்டிப் பாட்டுகள். பஸ் மலை ஏறும்போது, எனக்குத் தெரிந்து நெடும்பாட்டு முடிகிற இடம் வந்தது. முடியவில்லை. மேலே போய்க்கொண்டே இருந்தது.

உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. நான் போனை எடுத்து, அதே பாட்டுதானா என்று பார்த்தேன்.

அப்போது நான் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் லேப் ஆள். சட்டை, தலையணை எல்லாம் மொலாசஸ் பாகு வாடை. அறை நண்பர் தனசேகர் தியாகதுருகத்துக்காரர். கரும்பு வண்டிகளை நிறுக்கும் எடைமேடையில் வேலை. என்னைவிட மூத்தவர், ஆனாலும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். ஊரில் எங்களுக்கு வேறு யாரும் பழக்கமில்லை. பாண்டிச்சேரியில் ஒரு கடையில் பதிந்து வாங்கிய அந்த ஆல்பத்தின் கேசட்தான் துணை. நெடும்பாட்டு ஒரு பக்கம், குட்டிப் பாட்டுகள் மறுபக்கம்.

கரும்புச்சாற்றின் இனிப்பை லேபில் பிரிக்ஸ் கணக்கில் அளப்போம்; இருபதைத் தொட்டால் நல்ல சாறு. பாட்டுகளுக்கும் நான் அதையே வைத்தேன். டிரம்ஸ்காரர் ரொம்ப அலட்டிக்கொண்டால் பதினாலு. இரண்டு நிமிட கிதார் துண்டுக்கு இருபது. நெடும்பாட்டுக்கு இருபத்திரண்டு, அதன் முடிவுக்காகவே. ஆர்கன் உச்சத்துக்கு ஏறி, சட்டென்று அறுந்துவிடும். பின்னாலேயே டேப்ரெக்கார்டர் பட்டன் டக்கென்று எகிறும். அடேயப்பா, என்ன துணிச்சல் என்று சிலிர்த்துப்போவேன்.

தனசேகர் மட்டும் மார்க் போடமாட்டார்.

“முள்ளு நிக்காம எடை எழுதக் கூடாதுங்க. இது முடியல. இன்னும் போய்க்கினேதான் இருக்குது.”

நான் சும்மா இருந்தேனா? ஒரு சிற்றிதழுக்கு விமர்சனம் எழுதினேன். அந்த முடிவை ஒரு பக்கம் புகழ்ந்துவிட்டு, பாட்டு முடியவில்லை என்கிற நண்பர்களுக்கு இருப்பது கரும்பு நிறுக்கும் காது என்று ஒரு குத்தலும் வைத்தேன். அச்சில் வந்த திமிரில் அதை அவரிடமே நீட்டினேன். நின்றபடியே படித்தார்.

“நல்லா எழுதிக்கிறீங்க” என்று மடித்துக் கொடுத்தார்.

அதன்பிறகு நான் கேசட்டைப் போட்டால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அரவைப் பருவம் முடிந்ததும் அறையையும் காலி செய்தார். மன்னிப்புக் கேட்க நான் போகவில்லை. தியாகதுருகம் என்ன, சீமையிலா இருக்கிறது? போன தை மாதம் அவர் இறந்த செய்தி, காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் என்னிடம் வந்து சேர்ந்தது.

பஸ்ஸில் பாட்டு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. கேசட்டில் இடம் பத்தாமல் கடைக்காரர் விட்டுவிட்ட ஏழு நிமிடம். ஆர்கன் மெல்ல இறங்கியது. ஆரம்பத்தில் கேட்ட மெட்டை ஒற்றை கிதார் நிதானமாகத் திரும்ப வாசித்தது. இதற்காகத்தான் அத்தனை நீளமும். நான் புகழ்ந்ததெல்லாம் டேப் தீர்ந்துபோனதை.

அந்த அறையை இடித்துவிட்டார்கள். கேசட்டும் எங்கோ தொலைந்தது. அவை போகட்டும். நீங்கள் சொன்னதுதான் சரி என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அந்த ஒரு மனிதர் வேண்டும், அவர் இல்லை.

பஸ் நின்று, எல்லோரும் இறங்கியிருந்தார்கள். கண்டக்டர் தோளைத் தட்டினார்.

“கரியாலூர் வந்துடிச்சிங்க. எறங்கலியா?”

“கொஞ்சம் இருங்க,” என்றேன். “இன்னும் முடியல.”