முதுகைக் காட்டும் வேலி

இந்த ஊரில் வேலிக்கு கேட்லாக் உண்டு. கல்யாணப் பத்திரிகை மாதிரி வழவழப்பான தாளில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். செம்பூரில் பங்களா வைத்திருப்பவர்கள் அதை மடியில் போட்டுக்கொண்டு, புடவை எடுப்பதுபோல ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்ப்பார்கள். போன வருடம் தேக்கு நிறம். இந்த வருடம் சாம்பல் நிறம். பலகை படுக்கைவாட்டில் போக வேண்டும், தூண் கறுப்பு அலுமினியத்தில் இருக்க வேண்டும், தூண் தலையில் சோலார் விளக்கு எரிய வேண்டும். பலகை என்றால் மரம் இல்லை. மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து உருக்கி, மேலே மரத்தின் ரேகையை அச்சு குத்தியது. கரையான் தின்னாது, மழையில் உப்பாது. எல்லோரும் விரலை மடக்கி ஒரு தடவை தட்டிப் பார்ப்பார்கள். பிறகு என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "பக்கத்து வீட்டுக்காரனுக்கு எதுவும் தெரியாதே?" தெரியாது என்று நான் சொன்னால் முகத்தில் வருகிற நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் வேலி போட்டுக் கொடுக்கிறேன். என் பிழைப்பு அது.

பகல் முழுக்க அடுத்தவர்களைப் பிரித்து வைத்துவிட்டு, சாயங்காலம் நான் திரும்புவது தாராவிக்கு. எங்கள் சந்தில் வேலி போட இடமில்லை. என் கதவைத் திறந்தால் எதிர் வீட்டுக் கதவில் இடிக்கும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம்: நான் கதவைத் திறக்கும்முன் தொண்டையைச் செருமுவேன், எதிர் வீட்டு ஞானப்பூ அக்கா தன் கதவை உள்ளே இழுத்துக்கொள்வாள். காலையில் பெண்கள் குழாயடியில் குளித்துத் துவைத்துக்கொண்டிருக்கும்போது ஆண்கள் சுவரைப் பார்த்தபடி நடந்து போவார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் எங்கள் வேலி. யாரும் சொல்லித் தரவில்லை, எந்த கேட்லாக்கிலும் இல்லை. கறுப்புத் தூணும் சாம்பல் பலகையும் வாங்கி வைத்திருக்கிறவர்களுக்கு இது ஒருநாளும் புரியாது.

ஞானப்பூ அக்கா சாத்தான்குளம் பக்கம். நானும் அந்தச் செம்மண் தேரிக்காட்டுக்காரன்தான். நானும் என் மனைவியும் வேலைக்குப் போன வருடங்களில் என் மகளை வளர்த்தது அக்காதான். பால் கொடுக்காத குறை. அவள் கணவர் இறந்தபோது சவப்பெட்டி சந்துக்குள் திரும்பவில்லை. என் வீட்டுக் கதவைக் கழற்றிவிட்டு, பெட்டியின் தலைப்பக்கத்தை என் வீட்டுக்குள் நுழைத்துத் திருப்பித்தான் வெளியே கொண்டுபோனோம். அந்தக் கதவைத் திரும்ப மாட்டும்போது அக்கா அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள், "சாவும்போதும் ஒன் வீட்டுக்குள்ள எட்டிப் பாத்துட்டுத்தாம்ல போறாரு மனுசன்." அவள் சிரித்தாள். நான்தான் அழுதேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் மகன் ஜெபா நெருளில் ரோ ஹவுஸ் வாங்கி அம்மாவைக் கூட்டிப் போனான். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், பின்னால் ஆளுக்கு ஒரு துண்டு தோட்டம். நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவனும் அவன் மனைவியும் காலையில் ஆபீசுக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். அக்கா நாள் முழுக்கத் தனியாக இருந்தாள். வாயை மூடிப் பழக்கமே இல்லாத மனுஷி. முதல் மாதம் தினமும் எனக்குப் போன் செய்து, "ஏலே, சும்மா ஏதாவது பேசு. வீட்டுக்குள்ள காது அடைக்குது" என்பாள்.

பிறகு போன் குறைந்தது. காரணம், தோட்டத்தின் ஓரத்தில் இருந்த இடுப்பளவுக் கம்பி வலை. அந்தப் பக்கம் ஷாலன்தாயி என்று ஒரு மராத்திக்காரி. தாயி என்றால் அவர்களுக்கு அக்கா. இவளுக்கு மராத்தி வராது, அவளுக்குத் தமிழ் வராது. இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்சம் இந்தி நொண்டிக்கொண்டு போகும். அக்கா கருவாட்டுக் குழம்பு வைத்தால் மருமகள் மூக்கைப் பொத்துவாள். ஷாலன்தாயியோ வலைக்கு மேலே கிண்ணத்தை நீட்டுவாள். ஒரு தூக்குச்சட்டி இங்கிருந்து குழம்போடு போகும், அங்கிருந்து பாக்ரி என்கிற சோள ரொட்டியும் பூண்டுச் சட்னியுமாகத் திரும்பும். வெறும் ஏனத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர்கள் பக்கத்திலும் அதேதான் என்று தெரிந்த அன்றைக்கு அக்கா எனக்குப் போன் செய்து கத்தினாள்: "இவளும் நம்ம ஆளுதாம்ல!"

அந்த வலையை எடுத்துவிட்டு ஆறடி உயரத்துக்கு வேலி போட வேண்டும் என்று போன மாதம் ஜெபா என்னைக் கூப்பிட்டான். போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். சாம்பல் பலகை, கறுப்புத் தூண், எல்லாம் இருந்தது.

"சித்தப்பா, ஃபுல் பிரைவசி வேணும். கேப் ஒண்ணும் விடாதீங்க. சண்டேல நாங்க வெளிய உக்காந்தா எல்லாரும் பாக்குறாங்க."

"ஒங்க அம்மா யாருகூடல பேசுவா?"

"போன் இருக்கே. கேட் வழியா சுத்திப் போனா ஆச்சு, தோ மினிட்."

"மூட்டு வலிக்காரிக்கு ரெண்டு நிமிசமா?"

"அரே சித்தப்பா, நீங்க போடலேன்னா வேற ஆளு போடுவான்."

அது உண்மை. வேறு ஆள் போட்டால் கோணலாகப் போடுவான். நானே போனேன். குழி தோண்டித் தூண் நட்டபோது அக்கா பின்வாசல் படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தூணில் இரண்டு பக்கமும் காடி என்கிற நீள வெட்டு இருக்கும். பலகைகளை ஒவ்வொன்றாக மேலிருந்து அதில் இறக்கினால் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துவிடும். நாலாவது பலகை இறங்கியபோது ஷாலன்தாயியின் முகம் மறைந்தது. சாயங்காலத்துக்குள் கதவளவு உயரம் வந்துவிட்டது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். ஒரு நூல் கூடக் குறை இல்லை. அவ்வளவு நன்றாக வேலை செய்ததற்காகவே என்மேல் எனக்கு எரிச்சல் வந்தது.

இதில்தான் ஒன்று நடந்தது. இந்தப் பலகைக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் மரத்தின் ரேகை, அதுதான் அழகு. மறுபக்கம் வெறும் கோடு கோடாகப் பள்ளம், தகரக் கூரை மாதிரி. அழகான பக்கம் காசு கொடுத்தவனைப் பார்க்க வேண்டும் என்பது இந்த ஊர் வழக்கம். செம்பூரில் எத்தனையோ பங்களாக்களில் அப்படித்தான் போட்டிருக்கிறேன். அக்கா வீட்டில் மட்டும் கை தன்பாட்டுக்கு மாற்றிப் போட்டுவிட்டது. ரேகை எல்லாம் ஷாலன்தாயி பக்கம், பள்ளம் எல்லாம் எங்கள் பக்கம். வேலை முடிந்து பார்த்தபோதும் எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை.

தேரியில் பனைமட்டை வேலி அப்படித்தான் போடுவோம். மட்டையின் வழவழப்பான முதுகு அடுத்த வீட்டைப் பார்க்கும். குழிவும், நார் முடிச்சும், ரம்பம் மாதிரி இருக்கிற கருக்கும் நம் பக்கம். மாற்றிக் கட்டினவனை ஊரில் கேட்பார்கள்: "பிரிச்சதே ஒரு குத்தம். அதுல குப்பையையும் அவன் மூஞ்சிக்கா காட்டுவ?" தேரி ஒன்றும் சொர்க்கம் இல்லை. அங்கே தண்ணீர் இல்லை, வேலை இல்லை. இருந்தால் நான் ஏன் வந்தேன்? ஆனால் வேலி போடுவதில் ஒரு வெட்கம் இருந்தது. அந்த வெட்கம்தான் இத்தனை வருடம் கழித்தும் என் கையில் மிச்சமிருக்கிறது போல.

ஜெபா ஆபீசிலிருந்து வந்து டார்ச் அடித்துப் பார்த்தான்.

"இது என்ன சித்தப்பா? உல்டா போட்டிருக்கீங்க! பைசா நாம குடுத்தோம், டிசைன் அவங்களுக்கா?"

"நம்ம ஊருல அப்படித்தாம்ல."

"எந்த ஊரு? நான் பொறந்தது சயான் ஆஸ்பத்திரில."

மறுநாள் வந்து எல்லாப் பலகையையும் உருவித் திருப்பிப் போட்டேன். பலகைகள் வெளியே இருந்த கொஞ்ச நேரம் இரண்டு தோட்டமும் ஒன்றாகத் தெரிந்தது. ஷாலன்தாயி துணி காயப்போட்டுக்கொண்டே சந்தோஷமாகக் கேட்டாள், "நிகால் ரஹே ஹோ?" எடுக்கிறீர்களா என்று. இல்லை, திருப்புகிறேன் என்று சொல்லிக் கையால் காட்டினேன். அழகான பக்கம் தன்னைப் பார்த்து இருந்ததையும், நான் அதை எடுத்துப் பள்ளத்தைத் தன் பக்கம் வைப்பதையும் அவள் நின்று பார்த்தாள். முதலிலேயே பள்ளத்தை அவள் பக்கம் போட்டிருந்தால் ஒன்றும் தோன்றியிருக்காது. கொடுத்துவிட்டுப் பிடுங்கினதுபோல ஆகிவிட்டது. "பீட் திகாயா," முதுகைக் காட்டிவிட்டாள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இது ஞானப்பூ சொல்லி நடந்தது என்று நினைத்துக்கொண்டாள். என் இந்தி அதை மறுத்துச் சொல்லும் அளவுக்கு வளரவில்லை.

நாலைந்து நாளில் அக்காவின் போன். "வேலியத் திருப்பிப் போட்டுட்டுப் போயிட்ட. அவ மூஞ்சியும் திரும்பிட்டு. கேட் வழியா சுத்திப் போயிக் கூப்பிட்டேன், அம்மா தூங்குதான்னு அவ மக வந்து சொல்லுதா. என் தூக்குச்சட்டி அவகிட்டதாம் இருக்கு." சட்டி போனால் போகிறது, வேறு வாங்கலாம் என்றேன். "சட்டிக்காவால அழுதேன்?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

அன்றைக்கே ஊரிலிருந்து என் தம்பி ஒரு படம் அனுப்பியிருந்தான். எங்கள் வீட்டைச் சுற்றிக் காம்பவுண்டு எழுப்பிவிட்டானாம். சுவரின் தலையில் வரிசையாகக் கண்ணாடிச் சில்லு. "எப்படிண்ணே?" என்று கேட்டிருந்தான். ஊரில் இருக்கிறவர்களே, உங்களிடம் நேராகவே கேட்கிறேன். நான் இங்கே உங்கள் வழக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பையனிடம் திட்டு வாங்குகிறேன், நீங்கள் அங்கே சில்லு பதிக்கிறீர்கள். இனி நான் "நம்ம ஊருல அப்படித்தான்" என்று எந்த ஊரைச் சொல்வது? தம்பிக்கு நான் இன்னும் பதில் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமலே கிளம்பினேன். சயானில் ஏறி, குர்லாவில் ஹார்பர் லைன் மாறி, நெருள். எல்லோரும் ஆராதனைக்குக் கோயிலுக்குப் போயிருந்தார்கள், மூட்டு வலியால் அக்கா மட்டும் வீட்டில். வேலியின் தலையில் திருகியிருந்த மேல் மூடியைக் கழற்றினேன். பலகைகளை உருவி, ஒன்று விட்டு ஒன்று திருப்பினேன். ஒரு பலகையின் ரேகை எங்கள் பக்கம், அடுத்ததன் ரேகை அவர்கள் பக்கம். பாதி அழகு இங்கே, பாதி அங்கே. குப்பையும் அப்படியே. கடைசிப் பலகை இறங்கும்போது ஜெபா வந்துவிட்டான். கத்தப் போகிறான் என்று திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அவன் தள்ளி நின்று பார்த்தான், பக்கத்தில் வந்து பார்த்தான், போனில் படம் எடுத்தான்.

"மஸ்த் சித்தப்பா! டூயல் டெக்ஸ்சர். இது லேட்டஸ்ட், நான் இன்ஸ்டால பாத்திருக்கேன். முதல்லயே சொல்லக் கூடாதா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் திருப்புளியைத் திரும்பக் கையில் எடுத்தேன். ஃபேஷன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

அந்தப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. பலகையில் யாரோ விரலால் தடவுவது எங்கள் பக்கம் கேட்டது: ரேகைமேல் மெதுவாக, பள்ளத்தின்மேல் டரடரவென்று, மறுபடி மெதுவாக. "கம் பட் கயா க்யா?" பலகை பத்தவில்லையா என்று கேட்டாள் ஷாலன்தாயி. "நஹி தாயி. ஆதா ஆப்கா, ஆதா ஹமாரா" என்றேன். பாதி உங்களுக்கு, பாதி எங்களுக்கு. காலடி திரும்பிப் போனது. அக்கா பூண்டுத் தோலை முறத்திலிருந்து தட்டினாள், திரும்பத் தட்டினாள். முறத்தில் ஒன்றுமே இல்லை.

நான் ஸ்டூலில் ஏறி மேல் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். திடீரென்று மூடியின் மேல் டொக் என்று தூக்குச்சட்டி வந்து உட்கார்ந்தது. பின்னால் வளையல் போட்ட ஒரு கை. எடுத்துப் பார்த்தேன், கனமாக இருந்தது, அடியில் சூடு.

ஸ்டூலில் நின்றபடி இரண்டு தோட்டத்தையும் பார்த்தேன். இந்தப் பக்கம் ஒரு கிழவி அண்ணாந்து நிற்கிறாள், அந்தப் பக்கம் ஒரு கிழவி அண்ணாந்து நிற்கிறாள். நடுவில் நான், கையில் சட்டியோடு. மேலிருந்து பார்த்தால் எந்தப் பலகையின் முகம் யார் பக்கம் என்று தெரியவில்லை. விரலகலம் தடிப்பு, அவ்வளவுதான் வேலி.

"ஏலே, ஏனத்தக் கொண்டா," என்று கீழிருந்து அக்கா கத்தினாள். "எந்தப் பக்கம் எறங்கன்னு யோசிச்சிக்கிட்டு நிக்கியா?"