ஹால் லைட்டைப் போடச் சொன்ன இயக்குநர்

ஆக்லாந்தின் விரி பகுதியில் ஒரு கிடங்கில் கன்வேயர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நம் நாடகத்தை இயக்கிய லோத்தார் இறந்த செய்தி வந்தது. அன்று பிற்பகலே அடக்கம். யூதர்கள் தாமதிப்பதில்லை. கிரீஸ் கையோடு போனேன். நம் தமிழ்ச் சங்கத் தலைவர், சங்கத்தின் பெயர் ஒட்டிய பெரிய மலர்வளையத்துடன் முன்னால் நின்றார். அவர்கள் அடக்கத்தில் பூ வைக்கும் வழக்கமில்லை. நம்மில் யாரும் முன்னரே விசாரிக்கவில்லை. லோத்தாரின் மகள் நன்றி சொல்லி அதை வாசலிலேயே வைக்கச் செய்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனிக்குத் திரும்பிய யூதக் குடும்பத்துப் பிள்ளை லோத்தார். அங்கே இருபது வருடம் நாடகம், நான்கு படம். ஐந்தாவது படத்தில், துரத்தப்பட்ட யூதர்களின் வீட்டில் பக்கத்து வீட்டார் குடியேறும் காட்சி. வெட்டச் சொன்னார்கள். மறுத்தார். படம் நின்றது, அதன்பின் வேலையும் வரவில்லை. மகளோடு ஆக்லாந்து வந்தார். இங்கே மனுரேவாவில் நடிப்பு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவரை நாடகம் இயக்க நாம்தான் பிடித்து வந்தோம்.

நம் நாடகத்தின் முடிவு இது: தன் மகனை இலங்கை ராணுவத்துக்குக் காட்டிக்கொடுத்த ஊர்க்காரன் யார் என்று ஒரு தாய் சபையைக் கேட்கிறாள். அந்த இடத்தில் ஹால் லைட் முழுக்க எரிய வேண்டும் என்றார் லோத்தார். மேடை வெளிறிவிடும் என்று, லைட் பார்த்த நான் சண்டை போட்டேன்.

“மேடையை யார் பார்க்கச் சொன்னது? ஒருத்தரை ஒருத்தர் பார்க்கட்டும். இருட்டில் உட்கார்ந்தால் எல்லாரும் நல்லவர்கள்தான்.”

நாடகத்தன்று இடைவேளையில் தலைவர் என்னிடம் வந்தார்.

“தம்பி, கடைசியில ஹால் லைட் போட வேண்டாம். முன்வரிசையில ஆர் ஆர் இருக்கினம் எண்டு தெரியும்தானே?”

“லோத்தார் கேட்டா என்னங்க சொல்றது?”

“ஃபியூஸ் போயிட்டுது எண்டு சொல்லும்.”

போடவில்லை. தாயாக நடித்த சுலோ அக்கா இருட்டைப் பார்த்துக் கேட்டார். பலத்த கைதட்டல். எல்லாம் முடிந்ததும் லோத்தார் என்னிடம் வந்தார். ஃபியூஸ் என்றேன். கை நீட்டி சுவிட்சைத் தட்டினார். ஹால் முழுக்க வெளிச்சம். சனம் அதற்குள் வெளியே வடைத் தட்டைச் சுற்றி நின்றது.

“நல்ல டெக்னீஷியன் நீ. சொன்னதைச் செய்கிறாய்.”

அதன்பின் அவர் எதையும் இயக்கவில்லை. நான் போய்ப் பார்க்கவும் இல்லை. சுலோ அக்கா இன்றுவரை அந்த ஃபியூஸைத் திட்டுகிறார்.

அடக்கம் முடிந்து மகள் என்னிடம் வந்தார். “லைட் பார்த்தது நீதானே? அன்றைக்கு ஃபியூஸ் போய்விட்டதாம். உன் மேல் தப்பில்லை என்று அப்பா சொன்னார்.”

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பொய்தான். ஒரு காட்சியை வெட்ட மாட்டேன் என்று பிழைப்பையே விட்டவர், எனக்காகச் சொன்ன பொய். அதை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. அன்று ஹாலில் இருந்தவர்களுக்குச் சொல்கிறேன்: ஃபியூஸ் போகவில்லை. நான்தான் போடவில்லை.