பச்சை இரண்டு தரம், சிவப்பு ஒரு தரம்

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் அம்மாவுக்கு ஒரு செல்போன் வாங்கிக்கொண்டு எங்கள் ஊர் ஆமத்தூருக்குப் போனேன். அம்மா அதைக் கையில் வாங்கவே இல்லை. முந்தானையை விரித்து அதில் போடச் சொன்னாள். சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினெட்டு வருடமாக மருந்து அடைக்கிறவள். பொறி தட்டும் என்று அவள் சந்தேகப்படுகிற எதையும் சட்டென்று தொட மாட்டாள். வீட்டில் லைட் சுவிட்சைக்கூடக் கையை இரண்டு தடவை துடைத்துவிட்டுத்தான் போடுவாள்.

"இது வெடிக்காதும்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக."

எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அத்தைதான் போனை எடுத்துக் காதில் வைத்தாள். "அலோ, சூலக்கரை கலெக்டர் ஆபீசா? ஆமத்தூர்ல நாலு நாளாத் தண்ணி வரல. நீங்க குளிச்சிட்டீகளா?" என்றாள். அம்மா அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

சொந்த அத்தை இல்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அம்மாவும் அவளும் காலையில் ஒரே வேனில் ஏறி, ஒரே கம்பெனியில் அடுத்தடுத்த அறையில் உட்கார்ந்து, சாயந்தரம் ஒரே வேனில் திரும்புவார்கள். அம்மா பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

அந்தப் போனுக்கு ஒரு முறையை வகுத்துக் கொடுத்தது நான்தான். அதில் எனக்குப் பெருமை வேறு. என் வேலை அப்படி. எங்கோ வெளிநாட்டில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் 'உயிரோடு இருக்கிறேன்' என்று ஒரு சின்ன சிக்னல் அனுப்பும். வந்தால் என் திரையில் பச்சை. வராவிட்டால் சிவப்பு. சிவப்பு வந்தால்தான் என்ன ஏது என்று பார்க்க வேண்டும். பச்சையைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது.

அதையே அம்மாவுக்கும் வைத்தேன். அம்மா வேலைக்குப் போன நாளெல்லாம் நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வளர்ந்தவள். பட்டாசுக் கம்பெனிக்கு ஆளை அனுப்புகிற எந்த வீட்டிலும் சாயந்தரம் வேன் சத்தம் கேட்கிறவரை அப்படித்தான். சென்னைக்கு வந்த பிறகு எனக்கு வேன் சத்தம் இல்லாமல் போயிற்று. அதனால் தினமும் ஆறு மணிக்கு ஒரு மிஸ்டு கால். போன் மணி இரண்டு தரம் அடித்ததும் வெட்டிவிட வேண்டும். அம்மா பத்திரமாக வீடு வந்துவிட்டாள் என்று அர்த்தம். நான் எடுக்கக் கூடாது, எடுத்தால் அம்மாவுக்குத்தான் காசு போகும். பேச்செல்லாம் ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது.

அம்மாவுக்கு எண்கள் பழகவில்லை. அத்தைதான் கண்டுபிடித்தாள்: பச்சையை இரண்டு தரம் அமுக்கினால் கடைசியாகப் போட்ட நம்பருக்கே போகும். அந்தப் போனிலிருந்து போகிற நம்பர் என்னுடையது ஒன்றுதான். பச்சை இரண்டு தரம், மணி இரண்டு, அப்புறம் சிவப்பு ஒரு தரம். தினமும் வேனை விட்டு இறங்கியதும் எங்கள் வீட்டுக்கு வந்து, பருப்பு டப்பாவுக்குள் இருக்கும் போனை எடுத்து, அத்தை அமுக்குவாள். அம்மா பக்கத்தில் நிற்பாள். காலையில் கம்பெனி வாசலில் பீடி, தீப்பெட்டி, செல் எதுவும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் போன் வீட்டிலேயே கிடக்கும். என் ஆபீசிலும் அதே கதைதான். செல்லை வாசலில் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆறு மணி டீக்கு வெளியே வரும்போது எடுத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை போனைப் பிடுங்கி, "என்ன தாயி, மெட்ராசுல சோறு திங்கிறியா, இல்ல கம்ப்யூட்டரையே திங்கிறியா?" என்றாள். அவளோடு நான் பேசியதில் கடைசியாக ஞாபகம் இருப்பது அதுதான்.

ஒன்றரை வருடம் எல்லாம் பச்சையாகவே ஓடியது. பிறகு ஒரு வியாழக்கிழமை. கேன்டீனில் தோழியோடு டீ வாங்கிக்கொண்டு நின்றேன். ஆறு அடித்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். போன் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நிற்கவில்லை. கடைசிவரை அடித்துத் தானாக ஓய்ந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. "இன்னைக்கு அத்தை இல்லபோல. அம்மாவே போட்டுட்டாங்க, வெட்டத் தெரியல" என்று தோழியிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள். அடிக்க அடிக்கத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேனே தவிர, எடுக்கவில்லை. அதுதானே பேச்சு. டீயைக் குடித்துவிட்டு, போனை லாக்கரில் வைத்துவிட்டு, யாரோ ஊரான் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலை ஹாஸ்டலில் பேப்பர் பார்த்தேன். சிவகாசி அருகே பட்டாசு ஆலையில் வெடி விபத்து, பெண் பலி. நான்கு வரிச் செய்தி. பெயர் போட்டிருக்கிறதா என்று இரண்டு தரம் படித்தேன், இல்லை. அப்புறம் ஞாபகம் வந்தது, அம்மாவிடமிருந்து நேற்று போன் வந்துவிட்டதே. நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பினேன். இதை எழுதும்போதும் அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலத்தான் இருக்கிறது.

அன்று ஆறு மணிக்குப் போன் வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை. நானே கூப்பிட்டேன். நெடுநேரம் அடித்த பிறகு அம்மா எடுத்தாள்.

"வந்துட்டியாம்மா? ஏன் போன் போடல?"

"நேத்துப் போட்டேனே."

"நேத்து வந்துச்சு. முழுசா அடிச்சுச்சு. அத்தை இல்லாம நீயே போட்டியோன்னு நெனச்சேன்."

"ஆமா, நாந்தான் போட்டேன். அவ எங்கன இருக்கா, போடுறதுக்கு?"

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அத்தையின் அறை வெடித்திருக்கிறது. அடுத்த அறையிலிருந்து அம்மா வெளியே ஓடி வந்து, திரும்பிப் பார்த்திருக்கிறாள். என்ன பார்த்தாள் என்று இன்றுவரை சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் சாயந்தரம் நான்கு மணிக்கு உயிர் போய்விட்டது. செய்தி கேட்டு நான் பதறிவிடுவேன் என்று, ஆறு மணிக்குப் போன் போடுவதற்காகவே அம்மா அங்கிருந்து வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

"வெட்டத் தெரியாமலா தாயி இருந்தேன்? தெனமும் பக்கத்துல நின்னு பாத்தவதான. நீ எடுப்பன்னு இருந்தேன். ஏதோ பாட்டுப் பாடுச்சு. முடியுற வரைக்கும் காதுல வச்சிருந்தேன்."

என் போனுக்கு நான் வைத்திருந்த காலர் டியூன், கூப்பிடுகிறவர் காதில் மணிக்குப் பதிலாகக் கேட்பது. குத்துப் பாட்டு. எல்லாரும் வைக்கிறார்கள் என்று நானும் வைத்தது. பாட்டு ஆரம்பித்த கொஞ்சத்திலேயே அத்தை வெட்டிவிடுவதால் அம்மா அதுவரை முழுதாகக் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டிருக்கிறாள்.

அன்றிரவே பஸ் ஏறினேன். போனதும் போனைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பச்சைப் பொத்தானிலும் சிவப்புப் பொத்தானிலும் மட்டும் வெள்ளிபோல ஒரு மினுமினுப்பு ஏறியிருந்தது. எவ்வளவு கழுவினாலும் பட்டாசு வேலைக்காரர்களின் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கிற அலுமினியப் பவுடர். அத்தையின் கட்டைவிரல் பட்ட இடம். துடைக்கப் போனேன். அம்மா வாங்கி டப்பாவுக்குள் வைத்துக்கொண்டாள். இந்த முறை முந்தானையை விரிக்கவில்லை, கையாலேயே வாங்கினாள்.

"இனிமே வெட்டாதம்மா. எம்புட்டு நேரம் ஆனாலும் அடிக்க விடு. நான் எடுப்பேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சரி என்றாள். வேலைக்குப் போகாதே என்றும் சொன்னேன். அதற்குச் சரி என்று சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வேனில் ஏறிவிட்டாள். தீபாவளி சீசன்.

அன்று ஆறு மணிக்கு லாக்கர் வாசலிலேயே போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். காலர் டியூனை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தேன். போன் அடித்தது. நான் பொத்தானை அமுக்குவதற்குள் இரண்டு மணி அடித்து நின்றுவிட்டது. உடனே கூப்பிட்டேன்.

"ஏம்மா வெட்டுன? எடுக்குறேன்னு சொன்னேன்ல?"

"முழுசா அடிச்சா அவ இல்லன்னு ஆயிருமே தாயி" என்றாள்.

மறுநாளும் ஆறு மணிக்கு இரண்டு தரம் அடித்து நின்றது, நான் எடுக்கப் போகவில்லை. மூன்றாவதுக்குக் காத்திருந்துவிட்டு நான் கூப்பிட்டேன்.