விளக்கேற்றாத வீட்டில் வாங்கிய உறைமோர்

“ஜனவரி 11. உறைக்குக்கூட ஒரு சொட்டு இல்லை.”

எங்கள் தில்லி மோதி பாக் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் என் மனைவி ஒட்டியிருந்த சீட்டு இது. ஆண்டு எழுதவில்லை. மகள் முதன்முதலாக மோர்க்குழம்பு வைத்த குளிர்காலம் என்பதால் எனக்கு அதில் குழப்பமில்லை. உறைக்கென்று எடுத்து வைத்திருந்த கிண்ணத்தையும் அவள் குழம்பில் ஊற்றிவிட்டாள். கல்யாணமான புதிதில் மனைவி கும்பகோணத்திலிருந்து ரயிலில் கொண்டுவந்த தயிர் அது. அதிலிருந்தே உறை எடுத்து எடுத்து, ஒருநாள்கூட அறுபடாமல் காப்பாற்றி வந்தாள்.

“பால் பூத்ல தஹி கிடைக்குமே அம்மா, ஜல்தி வாங்கிண்டு வரேன்.”

“அது யாராத்துத் தயிரோ! பேசாம இரு.”

வழி ஒன்று இருந்தது. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருக்கும் மனைவியின் திருநெல்வேலிச் சிநேகிதி முன்பு எங்களிடம் உறை வாங்கிப் போனவர். ஆனால் விளக்கு ஏற்றிய பிறகு தயிர் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. இருவருக்கும் அது சட்டம்.

“அக்கா, விளக்கு ஏத்திட்டேளா?” என்று மனைவி போனில் கேட்டாள்.

“இல்லம்மா, தீப்பெட்டி கையிலதான் இருக்கு.”

“அப்படியே கீழ வையுங்கோ! இவர் ஆபீஸ்லேர்ந்து நேரா அங்க வரார்.”

நான் பனிமூட்டத்தில், பஸ்ஸில், நகராத வண்டிகளுக்கு நடுவே இருந்தேன். சூரியன் எப்போதோ மறைந்துவிட்டது. அதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றுமில்லை. ட்யூப்லைட் விளக்கில் சேருமா என்று அவர்கள் தொலைபேசியில் ஆலோசித்து, எதற்கு வம்பு, சேரும் என்று முடிவு செய்திருந்தார்கள்.

நான் போனபோது வீடு முழு இருட்டு.

“பாத்து வாங்க சார், ஸ்டூல் கெடக்கு,” என்றார் சிநேகிதியின் கணவர், குரலாக மட்டும். “டிவியும் வெளிச்சம்தானாம். நியூஸ் பாக்க விட மாட்டேங்கா.”

“சும்மா இருங்க. சார், கைய நீட்டுங்க.”

நீட்டினேன். முதலில் சிநேகிதியின் மூக்கு தட்டுப்பட்டது. பிறகு ஒரு எவர்சில்வர் கிண்ணம். நான் படியிறங்கியதும் பின்னால் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

அன்றிரவு பால் பாத்திரத்துக்கு என் ஸ்வெட்டரைப் போர்த்தினோம். காலையில் தயிர் கட்டியாக உறைந்திருந்தது. மனைவி ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்து, “நம்மாத்துத் தயிரேதான்,” என்றாள். கண் கலங்கியிருந்தது.

அதற்குள் சிநேகிதியிடமிருந்து போன். மீதித் தயிரைச் சமையலில் ஊற்றிவிட்டாராம். அவருக்கே இப்போது உறை வேண்டும், விளக்கேற்றுவதற்கு முன். கொண்டுபோனேன். கணவர் வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தினார்.

“நேத்து அடுப்பு மேடையில ரெண்டு கிண்ணம் இருந்துச்சு சார். ஒரே மாதிரி. ஒண்ணுல உங்க தயிரு, ஒண்ணுல நான் பூத்ல வாங்குனது. மிச்சம் இருந்ததுல ராத்திரி கடி வச்சா, இந்த ஊரு மோர்க்குழம்பு. பிரமாதம். அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு.”

இன்று எங்கள் இரண்டு வீட்டிலும் உறைவது கும்பகோணத் தயிரா, பூத் தயிரா என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.