காப்புக் கையில் ஒரு மணிக்கூடு

வியர்வையில் ஊறிய தோல் வாரின் மணம் தெரியுமா உங்களுக்கு? உப்பும் எண்ணெயும் கலந்த ஒரு புளித்த மணம்... அண்ணா கொழும்பில் கட்டித் தேய்ந்த மணிக்கூடு அது. பதினெட்டு வயதில் எனக்குக் கிளிநொச்சி நெசவுசாலையில் வேலை கிடைத்தபோது கழற்றித் தந்தார்.

எங்கள் ஊர் அக்கராயனில் காலை பஸ்ஸை விட்டால் அடுத்தது மத்தியானம்தான். அதனால் குளிக்கும் நேரம் தவிர அது என் இடக்கையை விட்டு இறங்கியதே இல்லை.

அந்தக் கார்த்திகையில் பிள்ளையார் கதை தொடங்கியது. இருபத்தொரு நாள் விரதம். இருபத்தொரு இழை நூற்காப்பு. பெண்களுக்கு இடக்கையில்தான் கட்டுவார்கள். தினமும் பின்னேரம் கோயிலில் கதையைப் பாடிப் படிக்க வேண்டும். அந்த வருடம் படிக்கிறவள் நான். என் குரல் குளக்கட்டு வரை கேட்கும் என்பார்கள்... சிரிக்காதீர்கள், உண்மைதான்.

முதல் நாள், கோயிலை நடத்திய பெரியப்பா என் கையைப் பார்த்துவிட்டார்.

"எடி பிள்ளை, மாட்டுத்தோலும் பிள்ளையார் காப்பும் ஒரு கையிலையோ? கழட்டு!"

கழற்றினேன். நியாயம்தானே... எனக்கே மனம் கூசியது. மூன்று தோப்புக்கரணம் கூடுதலாகப் போட்டேன். வலக்கையில் கட்டவும் மனம் வரவில்லை, அது சுவாமிக்குப் பூப்போடும் கை.

அடுத்த நாள் மணிக்கூடு பைக்குள் கிடக்க, மணி தெரியாமல் பஸ் போய்விட்டது. நெசவுசாலையில் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது.

வேலை விட்டதும் சந்தையடியில் மணிக்கூடு திருத்துகிற முஸ்லிம் நானாவிடம் ஓடினேன்.

"தோல் வேண்டாம் நானா. செயின் போட்டுத் தாங்கோ."

"ஆம்பிளைச் செயின்தான் இருக்கு தங்கச்சி. நாலு கண்ணி கழட்டோணும். இல்லாட்டி முழங்கையிலைதான் நேரம் பாப்பீங்கள்."

கழற்றிப் பூட்டினார். இரும்பு சில்லென்று கையில் விழுந்தது. பளபளவென்று... எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நேரே கோயிலுக்குப் போய்க் கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

"இப்ப தோல் இல்லைப் பெரியப்பா. பாருங்கோ."

அவர் பார்க்கவே இல்லை.

"தோலோ இரும்போ, குமர்ப்பிள்ளைக்கு என்னத்துக்கடி மணிக்கூடு? நீ என்ன ஸ்டேசன் மாஸ்டரோ? கழட்டிப்போட்டுப் படி. இல்லாட்டி வேறை ஆள் படிக்கட்டும்."

முதலில் கண் கலங்கியது. பிறகு கோபம் வந்தது.

"தோல் எண்டீங்கள், மாத்தீட்டன். இது பிள்ளையாருக்குப் பிழையோ, உங்களுக்குப் பிழையோ? நான் கழட்டமாட்டன்."

என் மடியிலிருந்த புத்தகத்தைப் பறித்து மச்சாளிடம் நீட்டினார். மச்சாள் விரித்தாள்... மூடினாள்.

"தொண்டை கட்டிப்போச்சு மாமா."

அடுத்தது பூமணியக்கா. "எனக்குக் கண் வடிவாத் தெரியேல்லை." காலையில்தான் உழுந்தில் கல் பொறுக்கியவர். அதற்கடுத்தவர் தனக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது என்றார். அவர் வாத்தியார் பெண்சாதி!

யாரும் என்னைப் பார்க்கவில்லை. புத்தகம் மட்டும் பெண்கள் வரிசை முழுக்கச் சுற்றி என் மடிக்கே வந்து சேர்ந்தது.

ஒரு நாள் கதை தவறினாலும் எல்லோருடைய விரதமும் பழுதாகிவிடும். அது பெரியப்பாவுக்கும் தெரியும். ஐயர்தான் மெல்லச் சொன்னார், "பிள்ளை தொடங்கட்டும். சுவாமி காத்துக்கொண்டு இருக்கிறார்."

படித்தேன். பக்கம் புரட்டும்போதெல்லாம் செயின் கிலுங்கியது. கொஞ்சம் வேகமாகத்தான் புரட்டினேன்... பிள்ளையார் மன்னிப்பார்.

அந்தப் பெண்களில் பாதிப்பேர் இப்போது கனடாவில், லண்டனில். சிலர் உயிரோடு இல்லை. கோயிலில் இப்போது கதையை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். யாரும் யாரையும் தடுப்பதில்லை... படிக்கவும் யாரும் எழும்புவதில்லை.

போன கார்த்திகையில் எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பிப் போய் ஸ்பீக்கர் பூட்டினவரிடம் சொன்னேன்.

"அதை நிப்பாட்டுங்கோ தம்பி. வாயுள்ள பொம்பிளையள் இருபது பேர் இஞ்சை இருக்கிறம்."