வழுக்காத கிளட்ச்

போன மாதம் தங்கை மகனின் புதுக் காரில் கம்பம்மெட்டு ஏறினோம். விடுமுறை நாள். மலைக்கு மேலே என்னத்தைக் கண்டார்களோ, ஊரில் உள்ள கார்கள் எல்லாம் அந்த மலைச்சாலையில் வரிசை கட்டி நின்றன. ஒரு முழம் நகர்வது, நிற்பது, மறுபடி ஒரு முழம். தங்கை மகன் சமவெளியில் ஓட்டிப் பழகியவன். பிரேக்கை மிதிக்காமல் கிளட்சைப் பாதி அமுக்கியபடியே வண்டியை மேட்டில் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் அந்த நாற்றம் வந்துவிட்டது.

“யாரோ குப்பை எரிக்கிறாங்க பெரிம்மா,” என்று கண்ணாடியை ஏற்றினான். ஏற்றினால் போய்விடுமா? எரிவது எங்கள் காலடியில் அல்லவா.

கிளட்ச் பிளேட் கருகும் வாடை உங்களுக்குப் பழக்கமா தெரியவில்லை. தலைமுடியையும் பழைய ரப்பர் செருப்பையும் சேர்த்துக் கொளுத்தினால் கிட்டத்தட்ட வரும். சிலருக்கு மல்லிகை வாசத்தில் பழைய நாள் திரும்புகிறது, சிலருக்குப் புது மழை மண்ணில். எனக்கு வாய்த்தது இது. வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போய் ஓரத்தில் நின்றேன். அந்த ஓரத்திலும் காலி பாட்டில்களும் பிரியாணிப் பொட்டலங்களும்தான். ஊரான் மலைதானே, யார் கேட்பது?

படிப்பு முடித்த கையோடு மலை மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பறித்து வரும் காயை எடை போட்டு எழுத வேண்டும். எங்கள் வீடு உத்தமபாளையத்தில். முதல் பஸ்ஸில் கம்பம், அங்கிருந்து தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப். என்னைப் பெற்ற அத்தாவுக்கு அது பிடிக்கவே இல்லை. “ஜீப்புல தொங்கிக்கிட்டுப் போயி நீ சம்பாரிச்சுத்தான் இங்க ஒல கொதிக்கணுமா?” என்று கேட்டார். பிறகு, முன் சீட்டில் உட்கார வைத்தால் போகலாம் என்று இறங்கி வந்தார். முன் சீட்டு எனக்கே நிலைத்தது என் படிப்புக்காக என்று கொஞ்ச நாள் பெருமையாக இருந்தேன். முதல் நாள் மூன்றாவது வளைவில் நான் வாந்தி எடுத்ததுதான் காரணம் என்று பின்னால்தான் தெரிந்தது. பின்னால் உட்கார வைத்தால் அத்தனை பேர் மடியிலும் விழுமே.

முன் சீட்டு என்றால் ஏதோ சிம்மாசனம் என்று நினைத்துவிடாதீர்கள். டிரைவரோடு சேர்த்து அதில் ஐந்து பேர். எனக்குக் கியர் கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். ஒவ்வொரு வளைவிலும் அது என் முட்டியை இடிக்கும். பின்னால் எத்தனை பேர் என்று எண்ணுவது நடக்காத காரியம். ஒருத்தி மடியில் ஒருத்தி, நடுவில் குனிந்தபடி நால்வர், பின்படியில் தொங்கியபடி சிலர். நேற்றைய மருந்தடிப்பின் வாடை சேலையிலேயே இருக்கும். அதோடு இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் தாளின் ஈரக் கவிச்சி, தூக்குவாளியின் புளித்த சோறு, வெற்றிலை, டீசல். கோழியை ஏற்றுகிறவன்கூட மூச்சு விட இடைவெளி விட்டுத்தான் கூண்டு அடுக்குவான்.

இத்தனைக்கும் ஓர் எல்லை இருந்தது. எல்லை போட்டது சட்டமோ போலீஸோ அல்ல. ஜீப்பின் கிளட்ச்.

எஞ்சின் சுற்றுகிற சுற்றைச் சக்கரத்துக்குக் கடத்துவது ஒரு தட்டு. அதை ஸ்பிரிங்குகள் அழுத்திப் பிடித்திருக்கும். பாரம் அளவோடு இருந்தால் தட்டு ஒட்டிக்கொண்டு சுற்றும். மீறிப்போனால் ஸ்பிரிங்கின் பிடியைத் தாண்டி வழுக்கிவிடும். எஞ்சின் கத்தும், வண்டி நகராது, தட்டு தேய்ந்து கருகும். தான் கருகுகிறதே தவிர, பின்னால் இருக்கிற தண்டையும் அச்சையும் முறிய விடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தினம் அதன் தலைமேல் உட்கார்ந்து போனால் மரக்கட்டைக்கும் புரியும்.

எங்கள் ஜீப் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. மலையில் பாதிக்கு மேல், ஒரு பக்கம் பாறையும் மறு பக்கம் உன்னிப் புதரும் இருக்கிற கொண்டை ஊசி வளைவு. அங்கே வாடை கிளம்பியதும் டிரைவர் துரையண்ணன் வெளியே தலையை நீட்டிக் கத்துவார்: “எறங்குங்க ஆத்தா, எறங்குங்க! பிளேட்டு கருகுது!”

பின்னால் இருக்கிற பெண்கள் எல்லாம் பொலபொலவென்று குதித்து இறங்குவார்கள். பாக்கியம் அடக்கட்டையைத் தூக்கிப்போய்ப் பின் சக்கரத்துக்கு அண்டக் கொடுப்பாள். கிளீனர் செய்ய வேண்டிய வேலை. கிளீனர் உட்காரும் இடத்திலும் ஓர் ஆளை ஏற்றலாம் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து அது பின்படி ஓரத்தில் உட்காரும் பாக்கியத்தின் வேலையானது. காலி ஜீப் வளைவைத் தாண்டி மேலே போய் நிற்கும். பெண்கள் நடந்து போய் ஏறிக்கொள்வார்கள்.

நான் மூக்கைப் பொத்திக்கொண்டு சபிப்பேன். அவர்களோ அந்த வாடைக்காகக் காத்திருந்தார்கள். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து தோட்டத்தில் இறங்கும்வரை அவர்கள் காலை நீட்டியது அங்கேதான், பாறை மறைவில் ஒதுங்கியதும் அங்கேதான். கொண்டையை அவிழ்த்துக் கட்டி, புருஷனைத் திட்டி, மாமியாரைத் திட்டி, சிரித்துக்கொண்டே ஏறுவார்கள். “ஏ கணக்கு, நீயும் எறங்கி ஒதுங்கிட்டு வாடி. ராணி மாதிரி உக்காந்திருந்தா மட்டும் அடைச்சுக்குமா?” என்று பாக்கியம் என்னை இழுப்பாள்.

பாக்கியத்துக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். புருஷன் கேரளாவுக்கு மரம் வெட்டப் போனவர், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகளும் அவளுடைய வலது கையும்தான் வீடு. ஏலம் பறிப்பது பார்க்க எளிது. தூரின் அடியில் குத்தவைத்து, தரையோடு படர்ந்த சரத்தில் பழுத்த காயை மட்டும் விரலால் தொட்டு அறிந்து, காம்போடு கிள்ள வேண்டும். பிஞ்சு உதிர்ந்தால் கங்காணி வாயில் விழுந்து எழ வேண்டும். பாக்கியம் பேசிக்கொண்டே பறிப்பாள். தராசில் அவளுடைய பைதான் கனக்கும். “கண்ணு எதுக்குடி, வெரலுக்குத் தெரியும்,” என்பாள்.

ஜீப் ஓனருக்கு இந்த வழுக்கல் பிடிக்கவில்லை. பெயர் வேண்டாம், மனுஷன் இப்போது இல்லை. வெள்ளை வேட்டியும் கையில் ஒரு துண்டுமாகக் கம்பத்து டீக்கடை முன்னால் நிற்பார். எங்களை எண்ணி ஏற்றுவார், ஆட்டை எண்ணுகிற மாதிரி தலையில் தட்டித் தட்டி. அந்தக் கை என் தலையில் பட்ட நாளெல்லாம் வீட்டுக்கு வந்து முதல் வேலையாகத் தலைக்கு ஊற்றிக்கொள்வேன்.

“மலையில எறக்கி ஏத்துறதுல நேரம் போகுது. ரெண்டாவது நடைக்கு அடுத்தவன் வண்டி முந்திருது. பொம்பளைக ஒக்காந்து ஊர்க்கதை பேசவா நான் வண்டி விட்டிருக்கேன்?” என்று துரையண்ணனைக் காய்ச்சுவார்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழா. அந்த வாரம் தீச்சட்டி, பால்குடம் என்று பாதி ஆட்கள் வேலைக்கு வர மாட்டார்கள். ஜீப்புக்கு வருஷத்தில் அதுதான் ஓய்வு. அந்த வாரம் ஓனர் வண்டியைத் தேனிக்குக் கொண்டுபோய், பெரிய வண்டியின் கிளட்ச் ஸ்பிரிங்குகளைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அழுத்தம் கூடின ஸ்பிரிங். இனி எவ்வளவு பாரமானாலும் தட்டு வழுக்காது. வண்டி முகப்பில் எலுமிச்சம்பழம், மாலை, சந்தனம். புதுப் பெண்ணைப் போல வந்து நின்றது.

முதல் நாள் அந்த வளைவில் யாரும் இறங்கவில்லை. துரையண்ணன் மிதித்தார், ஜீப் யானை மாதிரி ஏறியது. வாடை இல்லை. எனக்குக் குமட்டலும் இல்லை. நான் கைதட்டினேன் என்று நினைக்கிறேன். என் புத்தி அவ்வளவுதான். பின்னாலிருந்து மட்டும் ஒரு குரல் வந்தது.

“அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்கண்ணே. அவசரம்ணே.”

“மேட்டுல நிறுத்துனா எடுக்க முடியாது ஆத்தா. மேல போயிப் பாத்துக்கலாம். ஓனரு நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிருக்காக.”

அதற்குப் பிறகு அந்த ஜீப் அங்கே நிற்கவே இல்லை. பெண்கள் காலையில் தண்ணீர் குடிப்பதை விட்டார்கள். வழுக்காத வண்டி என்று பேர் வந்ததும் ஓனர் இன்னும் சில தலைகளைத் தட்டி ஏற்றினார். பானெட்டின் இரு பக்கத்திலும் ஆள். துரையண்ணனுக்கு இடது கால் வீங்கியது. அந்த ஸ்பிரிங்கை அமுக்க ஒவ்வொரு முறையும் சீட்டிலிருந்து பாதி எழுந்து மிதிக்க வேண்டியிருந்தது. “அம்மியத் தூக்கிக் காலுல கட்டுன மாதிரி இருக்கு தாயி,” என்று என்னிடம் சொல்வார். ஓனரிடம் சொல்ல மாட்டார். சொன்னால் அந்தச் சீட்டில் உட்கார வேறு ஆள் தயார்.

கியர் கம்பி மட்டும் என் முட்டியில் வேறு மாதிரி இடிக்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் ஒரு நடுக்கம் வரும், அப்புறம் வழுக்கும். இப்போது நடுக்கமே இல்லை. உள்ளே ஏதோ பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிற மாதிரி ஓர் இறுக்கம்.

ஐப்பசி மழை. பறிப்பு மும்முரம். அந்த வளைவில் சாலை அரித்து ஒரு குழி விழுந்திருந்தது. பின் சக்கரம் அதில் இறங்கிவிட்டது. துரையண்ணன் எஞ்சினை முடுக்கி, கிளட்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தார். பழைய கிளட்சாக இருந்தால் அந்த இடத்தில் வழுக்கியிருக்கும், வாடை வந்திருக்கும், எல்லோரும் இறங்கித் தள்ளியிருப்பார்கள். இது வழுக்கவில்லை. எஞ்சினின் முழு பலமும் நேரே பாய்ந்து, பின் சக்கரத்துக்கு ஓடுகிற நீளத் தண்டை முறித்துவிட்டது. வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். முறிந்த தண்டு அடியில் சுழன்று அடித்ததில் பிரேக் ஆயில் குழாயும் அறுந்தது. அந்தக் கால ஜீப்பில் கை பிரேக்கும் அந்தத் தண்டைத்தான் பிடிக்கும். பிடிக்கத் தண்டு ஏது? எதைப் பிடித்தும் நிற்க வழியில்லாமல் ஜீப் பின்னால் உருளத் தொடங்கியது. பின்னால் பள்ளம்.

“ஏலே பிள்ளைகளா, குதிங்க!” என்று துரையண்ணன் அலறினார். அத்தனை நெருக்கத்தில் யார் குதிப்பது? குதித்தது ஓரத்தில் இருந்த பாக்கியம் மட்டும். அடக்கட்டையோடு குதித்தாள். ஓடிப்போய் உருளுகிற சக்கரத்துக்குப் பின்னால் கொடுத்தாள். ஈரத்தில் கட்டை சறுக்கியது. மறுபடி கையால் தள்ளிப் பிடித்தாள். சக்கரம் ஏறி நின்றது.

கட்டையின் மேலே பாதி, அவள் கை மேலே பாதி.

வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. முந்தானையைச் சுற்றிக்கொண்டு தடுப்புக்கல்லில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. “தேடுங்கடி, சேத்துத் தச்சுருவாக,” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். மழையில், சேற்றில், உன்னிப் புதருக்குள் அத்தனை பெண்களும் தவழ்ந்து தேடினோம். கிடைக்கவில்லை. வேறு தோட்டத்து ஜீப் ஒன்று அவளைக் கம்பம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனது.

அவள் போன பிறகு ஓனர் பைக்கில் வந்து சேர்ந்தார். யாருக்கு என்ன ஆனது என்று கேட்பார் என்று எல்லோரும் முகத்தைப் பார்த்தோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்தார். மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்தார். எழுந்து, கையைத் துண்டில் துடைத்தபடி சொன்னார்:

“பாத்தியா துரை! தண்டே முறிஞ்சிருக்கு. ஆனா பிளேட்டு வழுக்கல பாரு!”

அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம். எத்தனையோ அசிங்கத்தை அதற்குப் பிறகு பார்த்துவிட்டேன். அந்த முகத்தைப் போல் ஒன்றைப் பார்த்ததில்லை. வாடையே இல்லாத இடத்தில் நின்று அன்றைக்கு நான் வாந்தி எடுத்தேன்.

அடுத்த வாரம் இன்னும் தடித்த தண்டு போட்டு அதே ஜீப் வந்து நின்றது. தலையைத் தட்டி ஏற்றினார். ஏறினார்கள், ஏறினோம். அடுப்பு எரிய வேண்டுமே. எனக்குக் கல்யாணமானதும் அந்த வேலை நின்றது. ஓனர் செத்தபோது கம்பம் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தார்கள். ‘உழைப்பாளிகளின் உற்ற தோழர்’ என்று போட்டிருந்தது. சீ என்று காறித் துப்ப வந்தது, பஸ்ஸுக்குள் இருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

போன மாதம் காரை விட்டு இறங்கி நின்றபோது அந்த வளைவைத் தேடினேன். இல்லை. சாலையை அகலமாக்குகிறேன் என்று பாறையை உடைத்து, புதரை வழித்து, மண்ணை வெட்டி நேராக்கிவிட்டிருக்கிறார்கள். கம்பி வேலி போட்ட இடத்தில் நின்று குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது பாக்கியத்தைப் பார்க்கப் போனேன். கம்பத்தில் மூத்த மகள் வீட்டில் இருக்கிறாள். அந்தக் கையோடு பறிப்புக்குப் போக முடியாமல், களம் கூட்டி, பாத்திரம் கழுவி, இரண்டு பெண்களையும் கரையேற்றிவிட்டாள். மூன்று விரலால் டம்ளரைப் பிடித்து எனக்கு டீ கொடுத்தாள். அந்த வளைவு இப்போது இல்லை, வெட்டி நேராக்கிவிட்டார்கள், மண்ணை எல்லாம் லாரியில் அள்ளிக் கொண்டுபோய்விட்டார்களாம் என்று பேச்சுவாக்கில் சொன்னேன்.

பாக்கியம் விரல் போன இடத்தை இடது கையால் தடவிக்கொண்டாள்.

“அள்ளிட்டுப் போயி எங்கனடி கொட்டுனாகளாம்?” என்று கேட்டாள்.