இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, ஏழு சாரணியருக்குப் பின்னால்

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்தே போகலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். போகலாம். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை 1983 டிசம்பரில், இருபத்து நான்கு சாரணச் சிறுவர்களுக்கு முன்னால். இரண்டாம் முறை 1991 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, ஏழு சாரணியருக்குப் பின்னால். வழி சொல்லும்போது இந்த இரண்டாவது நடையைத்தான் சொல்லப் போகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அப்போது நான் ஒரு நாளிதழின் இராஜபாளையம் நிருபர். நீதிமன்றச் செய்தி, பஞ்சு விலை, பேருந்து விபத்து எல்லாம் என் பொறுப்பு. சனி, ஞாயிறுகளில் காக்கி அரைக்கால் சட்டையும் கழுத்தில் துண்டுமாகச் சாரணர் ஆசிரியராகிவிடுவேன். சம்பளம் கிடையாது. என் மனைவி அதை எனக்கு அடிக்கடி நினைவூட்டுவாள்.

1983 நடையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நெடுஞ்சாலை வழியே பதினொரு கிலோமீட்டர். இரட்டை வரிசை. என் விசில் ஒரு முறை ஊதினால் நடக்க வேண்டும், இரண்டு முறை ஊதினால் நிற்க வேண்டும், மூன்று முறை ஊதினால் தண்ணீர் குடிக்கலாம். காலை ஏழுக்குக் கிளம்பி 9.50க்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் நின்றோம். ஒரு பையன் கூடப் பிந்தவில்லை. பெருமையோடு ஒருவனைக் கூப்பிட்டு, "வழியில என்னென்ன ஊரு பாத்தோம், சொல்லுலே" என்றேன்.

"தெரியாது சார். ஒங்க முதுகப் பாத்துக்கிட்டே வந்தேன்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பதில் ஏழு ஆண்டுகள் என்னை விடவில்லை.

அதற்குள் இயக்கத்தில் காற்று மாறத் தொடங்கியிருந்தது. பயிற்சி முகாம்களில் விசிலைக் குறையுங்கள் என்றார்கள். வழியைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும், அணித் தலைவர் நடத்தட்டும், பெரியவர்கள் அரை மணி நேரம் பின்னால் வந்தால் போதும் என்றார்கள். பழைய ஆசிரியர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. ஒழுங்கு போய்விடும் என்றார்கள். எனக்கும் பாதி சந்தேகம் இருந்தது. இதற்கிடையில் கோமதி டீச்சர் என்ற ஆசிரியை தம் பள்ளியில் சாரணியர் அணி ஒன்றைத் தொடங்கி, என் உதவியைக் கேட்டார். ஒரு வருட அணி. விருதுத் தேர்வுக்கு அவர்கள் ஒரு நாள் நடைப்பயணம் போயாக வேண்டும்.

அணித் தலைவி ரஷீதா, ஒன்பதாம் வகுப்பு. அவள் தந்தை சிக்கந்தர் பாய், பேண்டேஜ் துணி வியாபாரி. சத்திரப்பட்டித் தறிகளில் வாங்கி வெளியூருக்கு அனுப்புவார். எங்கள் முதலுதவிப் பெட்டிக்கான துணி அவர் கொடுத்ததுதான். ஆனாலும் சாரணியர் என்றால் அவருக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. உறுதிமொழி எடுத்த அன்று ரஷீதா பூரிப்போடு அவரிடம் போய்க் கை நீட்டியிருக்கிறாள், இடது கையை. சாரணர்கள் இடக்கையால்தான் கைகுலுக்குவார்கள். இதயம் இருக்கும் பக்கம் என்று காரணம் சொல்வார்கள். பாய்க்கு அது தெரியாது. "ஏட்டி, பெத்தவனுக்கு இடது கையவா நீட்டுத?" என்று கேட்டுவிட்டுக் கடைக்குள் போய்விட்டாராம்.

நடைப்பயணத்துக்கு அனுமதி கேட்க அவர் கடைக்குப் போனேன். துணிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார்.

"பொம்பளப் பிள்ளைய தனியா நடக்கும், நீங்க பின்னால வருவீய. அம்புட்டுத்தான?"

"அரை மணி நேரம் பின்னால பாய்."

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கிடுங்க. தேரடிக்கு ஒரு மணிக்குள்ள பிள்ளைய வந்துரணும். ஒண்ணே காலுக்கு எனக்கு அங்க பள்ளிவாசல்ல தொழுகை. ஒரு மணிய தாண்டுச்சுன்னா எம்பிள்ளைய கூட்டிட்டுப் போயிருவேன். பொறவு அனுப்ப மாட்டேன். எம்பிள்ளை வரலைன்னா மத்த ஆறு பேரு வீட்டுலயும் அனுப்ப மாட்டாக. ஒங்களுக்கே தெரியும்."

தெரியும். மற்ற தகப்பன்மார்கள் அவரைப் பார்த்துத்தான் அனுப்பியிருந்தார்கள். ஆக, தேரடி மணி ஒன்று என்பதில் அந்த அணியே தொங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை 6.45. பழைய பேருந்து நிலையம் அருகே தேநீர் ஒரு ரூபாய். பிள்ளைகள் நீலச் சீருடையில் வந்துவிட்டார்கள். வழியை அவர்களே வரைந்திருந்தார்கள்: நெடுஞ்சாலையை விட்டு மேற்கே மம்சாபுரம், கண்மாய்க் கரை, தென்னந்தோப்புகள், பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர். மொத்தம் பதினாறு கிலோமீட்டர். வழியில் ஓரிடத்தில் உப்புமா கிண்டிச் சாப்பிட வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு. கோமதி டீச்சர் பேருந்தில் முன்னதாகப் போய்த் தேரடியில் காத்திருப்பதாக ஏற்பாடு. கட்டணம் இரண்டு ரூபாய்.

எதிர்பாராத ஒன்று, சிக்கந்தர் பாய் கான்வாஸ் காலணியும் குடையுமாக வந்து நின்றதுதான்.

"அங்க நின்னு மணி பாக்குறதுக்கு, ஒங்க கூடயே வந்து பாத்துருதேன் சார்" என்றார். மகளிடம், "தண்ணி குடிச்சிக்கிட்டே போ. மறந்துராத" என்றார். மூன்று முறை சொன்னார்.

ஏழு மணிக்குப் பிள்ளைகள் கிளம்பினார்கள். 7.30க்கு நாங்கள்.

எங்களுக்கும் அவர்களுக்கும் இடையே இருந்த ஒரே தொடர்பு கற்கள்தான். திரும்ப வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் மூன்று கற்களை அம்பு போல வைத்துவிட்டுப் போவார்கள். பின்னால் வரும் நான் அதைப் பார்த்துவிட்டு, வேறு யாரும் குழம்பாமல் இருக்கக் கற்களை ஓரமாகப் போட்டுவிட்டு நடக்க வேண்டும். இது எங்கள் வழக்கம். இதைப் பாயிடம் நான் சொல்லவில்லை. கோபமாக இருக்கும் மனிதரிடம் கூழாங்கல்லைக் காட்டி, இதை நம்பித்தான் உங்கள் மகளுக்குப் பின்னால் வருகிறோம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

முதல் அம்பு 8.05க்கு ஒரு பம்புசெட் அருகே. குனிந்து பார்த்தேன், கற்களை ஓரமாகப் போட்டேன். பாய் பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டாவது அம்பு ஒரு மாந்தோப்பு வேலியோரம். மூன்றாவதுக்குப் பிறகு அவர் முகம் இளகியது. அதுவரை வாய் திறக்காதவர் தறி, நூல், மூத்த மகனுக்குப் பெண் பார்ப்பது என்று பேசத் தொடங்கினார். "ஒங்கள நான் வேற மாதிரி நெனச்சிருந்தேன் சார்" என்றார் ஒருமுறை. எதனால் திடீரென்று பிரியம் வந்தது என்று நான் கேட்கவில்லை. நாள் முழுதும் கேள்வி கேட்டுப் பிழைப்பவன் கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்கவில்லை.

9.40 மம்சாபுரம். தேநீர், இரண்டு வடை. அதற்குப் பிறகு பாய் உற்சாகமாகி முன்னால் நடந்தார், எனக்கு ஐம்பது அறுபது அடி தூரத்தில், வளைவுகளில் கண்ணுக்கு மறைந்து.

10.15க்குக் கண்மாய்க் கரையில் பாதை இரண்டாகப் பிரிந்தது. அம்பு இல்லை. ஒரு புளியமரம், இரண்டு வண்டித் தடம், அவ்வளவுதான். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்தால் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. ஆனால் சுற்றிலும் தென்னை, கோபுரம் தெரியவில்லை. அம்பு இல்லையென்றால் நேராகப் போ என்பது எங்கள் விதி. இடது தடம் நேராகத் தெரிந்தது. போனோம்.

நாற்பது நிமிடம் நடந்திருப்போம். மலை பெரிதாகிக்கொண்டே வந்தது. வெள்ளாடு ஓட்டிக்கொண்டு ஒருவர் எதிரே வந்தார்.

"அண்ணாச்சி, நீலச் சட்டை போட்ட பொம்பளப் பிள்ளைய ஏழு பேரு இங்கிட்டுப் போனாகளா?"

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளைகளா? ஒருத்தரும் வரலையே. விடிஞ்சதுலருந்து இந்தப் பாதையில வந்தது நீங்க ரெண்டு பேருதான். அதுல ஒருத்தரு அரை டவுசரு."

பாய் குடையைத் தரையில் ஊன்றினார். அவர் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எம்பிள்ளை எங்க சார்?"

நான் திரும்பினேன். வந்த வழியே கிட்டத்தட்ட ஓடினோம். மனதுக்குள் மூன்று விசில், இரண்டு விசில், ஒரு விசில் எல்லாம் ஒலித்தது. முன்னால் போயிருக்க வேண்டும், முதுகைக் காட்டியிருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

11.25க்கு மறுபடியும் அதே புளியமரம். இம்முறை மண்ணைப் பார்க்காமல் ஓரத்தைப் பார்த்தேன். மரத்தடியில் மூன்று கற்கள், அக்கறையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"பாய், இதை இங்க யாரு வச்சது?"

"நாந்தான்."

"ஏன்?"

"ஏன்னு கேக்கீய? நடக்குறவன் கால்ல இடிக்கும்ல. பாதையில கெடக்குற கல்ல ஓரமாப் போடுறது எங்களுக்கு ஒரு தருமம், சின்ன வயசுலருந்து செய்யுறேன். நீங்களும் காலையில இருந்து அதத்தான செஞ்சிக்கிட்டே வந்தீய? நல்ல மனுசன்னு நெனச்சேன். ஒவ்வொரு வாட்டியும் நீங்க குனிய வேணாமேன்னுதான் முன்னால வந்து நானே எடுத்துப் போட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, உட்கார்ந்துவிட்டேன். பிறகு அம்பு என்றால் என்ன என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாதை பிரியும் இடத்தில் மண்டியிட்டார். ஈர மண்ணில் கற்கள் அழுந்திய மூன்று குழிகள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு கல்லாக எடுத்து வந்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, அதனதன் குழியில் வைத்தார். அம்பு வலது பக்கம் காட்டியது.

"இங்கிட்டு" என்றார்.

அதற்குப் பிறகு வழிகாட்டி அவர்தான். அடுத்த அம்பைத் தூரத்திலேயே கண்டுபிடித்தார். அதற்கடுத்ததை நான் எடுத்து ஓரமாகப் போடப்போனபோது, "செத்த நேரம் இருங்க, சரியாப் பாத்துக்கிடுவோம்" என்று தடுத்தார்.

12.15க்கு ஒரு ஓடை. மலையில் பெய்த மழையில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. கரையில் கற்களால் ஒரு சதுரம், உள்ளே மூன்று சிறு கற்கள், பக்கத்தில் அம்பு. மூன்றடி தள்ளிக் கடிதம் இருக்கிறது என்று பொருள் என்றேன். பாய் மூன்றடி வைத்து, ஒரு ஓலை மட்டையைத் தூக்கி, மடித்த தாளை எடுத்தார். ரஷீதாவின் எழுத்து:

"மணி 11.10. ஏழு பேரும் நலம். உப்புமா முடிந்தது, கொஞ்சம் அடிப்பிடித்தது. ஓடையில் இடுப்பளவு தண்ணீர், இறங்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். கிழக்கே பாலம் இருப்பதாகத் தோப்புக்காரர் சொன்னார். அந்த வழியாகப் போகிறோம். அத்தாவுக்கு: தண்ணீர் குடித்துவிட்டேன்."

பாய் அதை இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விருதுத் தேர்வுக்கு அந்தக் கடிதம் எனக்கு வேண்டும் என்றேன். தரவில்லை.

பாலம் சுற்றி, எங்கும் நிற்காமல் நடந்து, தேரடிக்கு வந்தபோது மணி 1.35. தேர்ச் சக்கரத்தின் நிழலில் ஏழு பேரும் பைகளை வரிசையாக அடுக்கி வைத்து நின்றார்கள். இரண்டு பேர் தோளில் கயிறும் தண்ணீர்க் குப்பியுமாகக் கிளம்பத் தயாராக இருந்தார்கள். கோமதி டீச்சர் பால்கோவாப் பொட்டலத்தோடு ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ரஷீதா நோட்டைப் பிரித்துப் படித்தாள்.

"12.40, வந்து சேர்ந்தோம். 1.00, பெரியவர்களைக் காணவில்லை. 1.30, தேடும் குழு தயார்."

பிள்ளைகள் கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "சார், ஒரு மணிக்கு மேல வந்தா திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவோம்னு சொன்னது யாரு?"

"அரை மணி பிந்தி வந்தவுகளை இனிமே அனுப்பலாமாட்டி?" என்றது இன்னொரு குரல்.

தேரடியில் பூ விற்றவர்கள்கூடச் சிரித்தார்கள். ரஷீதா மட்டும் சிரிக்கவில்லை. அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத்தான் தெரியும், இன்னும் தீர்ப்பு வரவில்லை. நேராக நின்று வணக்கம் வைத்தாள். எனக்கு இடக்கை கொடுத்தாள். அப்புறம், கொஞ்சம் தயங்கி, அதே கையை அவரிடமும் நீட்டினாள்.

பாய் அந்தக் கையைப் பார்த்தார். குடையை என்னிடம் கொடுத்தார். அவர்கள் வழக்கப்படி சலாம் சொல்லும்போது பிடிப்பது போலவே, தம் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டார். "ஜமாத்துத் தொழுகை போச்சு. இனி தனியாத்தான் தொழணும்" என்றார். "என்னையத் தவற விட்டது நீதாம்மா. முன்னால போயிட்ட."

அடுத்த ஆண்டு ஒரு அணி மூன்றானது. இரண்டாவது மகளையும் அவரே கொண்டுவந்து சேர்த்தார். சாரணர் இயக்கம் தளர்ந்துவிட்டது, வரிசை போய்விட்டது, விசிலுக்கு மரியாதை இல்லை என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வரிசை குறைந்தது உண்மைதான். ஆனால் நான் முன்னால் போன அன்று யாரும் வழி பார்க்கவில்லை. நான் பின்னால் வந்த அன்று, ஓடையில் இறங்கக் கூடாது என்று ஏழு பிள்ளைகள் தாங்களே முடிவெடுத்தார்கள், உரிய நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள், தொலைந்துபோன இரண்டு பெரியவர்களைத் தேடக் கயிறோடு நின்றார்கள். இருபது வருடத்துக்கு மேல் அந்தச் சீருடை போட்டிருக்கிறேன். இதைவிடப் பெரிய வெற்றி எனக்குக் கிடைத்ததில்லை.

இனி, போக விரும்புகிறவர்களுக்கு. நெடுஞ்சாலையில் நடக்காதீர்கள், இன்றைய போக்குவரத்துக்கு அது ஆகாது. மம்சாபுரம் வழி பதினாறு கிலோமீட்டர், நிதானமாக ஆறு மணி நேரம். டிசம்பர் கடைசியும் ஜனவரியும் நல்ல காலம். கண்மாயில் தண்ணீர் இருக்கும், வெயில் பொறுக்கும். ஏழு மணிக்குள் கிளம்புங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். மலைப்பக்கம் போகும் தடத்தில் அனுமதி இல்லாமல் ஏறாதீர்கள். அது காட்டுக்குள் போகிறது. மழை பெய்திருந்தால் ஓடையில் இறங்காமல் கிழக்கே பாலத்துக்குச் சுற்றிப் போங்கள். திரும்பி வர ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பேருந்து அடிக்கடி உண்டு.

இன்னொன்று. பாதையில் மூன்று கற்கள் அம்பு போலக் கிடந்தால், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எடுத்து ஓரமாகப் போட்டுவிடாதீர்கள். யாரோ முன்னால் போயிருக்கிறார்கள்.